ஒரே வாசல், தனி அடுப்பு: வாசகர் கேள்விகள்

இந்த முறை டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை வயதை வைத்துப் பார்த்தேன். 26 வயதுப் பிள்ளைக்காக ஒருவர், தனக்காக 74 வயது அம்மா ஒருவர். யார் யாரோடு இருப்பது, எத்தனை நாளைக்கு என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

மகனுக்கு 26. பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, வேலை இல்லை. இன்னும் நான்தான் பார்க்க வேண்டுமா? (பீனிக்ஸ்)

2007 ஜூலை முதல் நம் தென்னாப்பிரிக்காவில் 18 ஆனாலே மேஜர், முன்பு 21. ஆனால் பெற்றவர் கடமை அந்த வயதோடு முடிவதில்லை. பிள்ளை தன் காலில் நிற்கும்வரை உண்டு என்பதுதான் சட்டம். வேலை இல்லாதவனிடம் வாடகை கேட்காதீர்கள் ஐயா, பொறுப்பைக் கொடுங்கள். தாத்தாவை கிளினிக்குக் கூட்டிப்போவது, மின்சார டோக்கன் வாங்குவது எல்லாம் அவன் வேலையாக இருக்கட்டும். முதல் சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

எனக்கு 29. கோவிலில் ஐயர் வைத்துக் கல்யாணம், பதியவில்லை. மாமியார் வீட்டில் இருக்கிறோம். தனியாகப் போகலாம் என்றால் குடும்பத்தை உடைக்கிறாள் என்கிறார்கள். (சாட்ஸ்வர்த்)

முதலில் பதிவு. இந்து முறைக் கல்யாணம் இங்கே தானாகச் சட்டக் கல்யாணம் ஆகாது. திருமண அதிகாரியாக நியமனம் பெற்ற ஐயரோ ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகமோ பதிந்தால்தான் செல்லும். பதிவதற்கு முன்பே நோட்டரியிடம் தனிச்சொத்து ஒப்பந்தம் போடாவிட்டால், கூட்டுச் சொத்து முறை வந்துவிடும். அதில் கணவர் கடனும் உங்கள் கடன்தான்.

அப்புறம் அந்தப் பழி. குடும்பத்தை உடைத்தது மருமகள்கள் அல்ல அம்மா. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் உடைத்தது. டர்பனின் கேட்டோ மேனரில் ஒரே வளவில் தாத்தா, சித்தப்பா, பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறை இருந்தவர்களைக் கிளப்பி, 60-களில் சாட்ஸ்வர்த்தின் சின்ன முனிசிபல் வீடுகளில் போட்டார்கள். அண்ணன் ஒரு யூனிட், தம்பி இன்னொரு யூனிட். அந்த இரண்டு அறை வீட்டுக்குள் கூட்டுக் குடும்பத்தை அடைக்க முடியாமல்தான் பின்பக்கம் அவுட்பில்டிங் என்று தனிக்கட்டடம் கட்டினார்கள்.

உங்களுக்கும் அதுதான் நடுவழி என்று நினைக்கிறேன். நான் பார்த்த ஒரு வீட்டில் மருமகள் பின்கட்டில் சமைக்கிறாள். புரட்டாசி வந்ததும் மாமியார் தன் அடுப்பில் பருப்பும் பூசணியும் வைத்து, ஒரு தூக்கில் ஊற்றிப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். இரவு அந்தத் தூக்கு கழுவித் திரும்பி வருகிறது. ஒரே சமையலறையில் இருந்த ஐந்து வருடமும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கட்டுவதானால் பிளான் பாஸ் பண்ணிக் கட்டுங்கள். அனுமதியில்லாத கட்டடம், வீடு விற்கும்போது தலைவலி.

48 வயது, கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் இருக்கும் அம்மாவை நான்தான் பார்க்கிறேன். அண்ணன்மார் ஞாயிற்றுக்கிழமை வந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். (வெருலம்)

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் பணமில்லாத பெற்றோரைத் தாங்கும் கடமை வசதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. கல்யாணம் ஆகாத மகளுக்கு மட்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அம்மா முதியோர் உதவித்தொகை வாங்கினால், முழுநேரக் கவனிப்புக்காக அதற்கு மேலே ஒரு கூடுதல் தொகைக்கு, அரசு உதவித்தொகை கொடுக்கும் சாசா அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். டாக்டர் சான்று வேண்டும். மூன்றாவது, நீங்கள் கேட்கக் கூசியது: அம்மாவுக்குப் பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? உயில் இல்லையென்றால், அப்பாவும் இல்லாத நிலையில், வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அண்ணன்மார் விற்கச் சொன்னால் நீங்கள் தெருவில். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, நீங்கள் ஆயுசு முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று உயிலில் எழுதச் சொல்லுங்கள். இது பேராசை இல்லை அம்மா.

வயது 74, கணவர் இல்லை. வீட்டை இப்போதே தன் பேருக்கு மாற்றச் சொல்கிறான் மகன். (டொங்காட்)

அவசரப்படாதீர்கள். மகன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் கூட்டுச் சொத்து முறையில் கல்யாணம் செய்திருந்தால், மாற்றும்போது விலக்கி எழுதாதவரை வீடு அவர்கள் இருவரின் பொதுச்சொத்தில் சேரும். அவன் கடன்பட்டால் கடன்காரன் உங்கள் வாசலுக்கு வருவான். தானமாகக் கொடுத்தால் விலக்கு அளவுக்கு மேல் 20 சதவீதம் தான வரியும் உண்டு. உயிலில் எழுதினால் போதும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் வாழ்நாள் அனுபவ உரிமையைப் பத்திரப் பதிவகத்தில் சேர்த்துப் பதியுங்கள். அது இருக்கும்வரை உங்களை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. பத்திரம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே இருக்கட்டும், டின் உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.

60 ஆகிவிட்டது. மகன் வீட்டில் இருந்தால் முதியோர் தொகை கிடைக்காதா? (சாட்ஸ்வர்த்)

கிடைக்கும். உங்கள் வருமானம், சொத்து, கணவர் இருந்தால் அவருடையது, இவ்வளவுதான் கணக்கு. மகன் சம்பளம் கணக்கில் வராது. ஐடியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.