நார்ஃபோக்கில் ஃபெசன்ட் வேலைக்கு வரும் தம்பிக்கு

மனைவிக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் நர்ஸ் வேலை, உங்களுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கேம்கீப்பருக்கு, அதாவது ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையை வேட்டைக்காக வளர்த்துக் காப்பவருக்கு, உதவியாள் வேலை, ஜூலையில் சேரணும். குளிர், வாடகை, இட்லி அரிசி எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி அங்குள்ள நாரிச் நகரத்தில் கிடைக்கும். வாடகையை நர்ஸ்மார்களிடம் கேளுங்கள். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி.

லண்டனில் இருக்கும் நம்மாட்கள், "துரை சுடுவான், நீ பொறுக்கிக் கொடு" என்று சிரிப்பார்கள். அவர்கள் அறிந்தது வேட்டை நாள் மட்டும்தான். ஃபெசன்ட் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அது தேறுமா என்பது ஆகஸ்டிலேயே தெரிந்துவிடும்.

ஏழு வாரக் குஞ்சுகளைக் காட்டுக்குள் மேற்கூரையில்லாத கம்பிவலை அடைப்பில் விடுவார்கள். அடைப்பில் ஹெக்டேருக்கு 1000 குஞ்சுக்கு மேல் விட்டால் தரை சேறாகும், நோய் வரும். வலையின் அடிப்பாகம் வெளிப்பக்கமாக மடிந்து மண்ணில் படிந்திருக்கணும். நரி வலையோரம் தோண்டினால் கம்பிதான் தட்டுப்படும். மூலைகள் கூர்மையாக இருந்தால் மிரண்ட குஞ்சுகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாகும். வலையைச் சுற்றி ஓடும் மின்கம்பியில் செந்தட்டியோ புல்லோ பட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். அதை வெட்ட அரிவாளோடு போங்கள்.

குஞ்சுகளுக்கு ஒரு பக்க இறக்கையின் இறகுகளைக் கத்தரித்திருப்பார்கள். இறகு வளர்ந்ததும் குஞ்சு வெளியே பறக்கும், உள்ளே திரும்பத் தெரியாமல் வலையோரமாகவே நடக்கும். அது உள்ளே வர வைத்திருக்கும் புனல் வடிவ (ஃபனல்) வழிகளை இலைதழை அடைக்காமல் பாருங்கள். முதல் நாட்களில் வளர்த்த இடத்துத் தீவனமே கொடுக்கணும். கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கணும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, தும்மினால் தொண்டைப்புழு. அன்றைக்கே கீப்பரிடம் சொல்லுங்கள். மருந்து உரிய சீட்டின் பேரில்தான் வரும்.

அடுத்து நாய். சாயங்காலம் ஸ்பானியல் நாயைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் நடந்து, வழி தப்பிய குஞ்சுகளை அடைப்புப் பக்கம் திருப்பணும். கீப்பரின் நாயை நீங்களாகக் கொஞ்சாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். ஒரு நீள விசிலுக்கு அது உட்காரணும். நீங்கள் தமிழில் செல்லம் கொஞ்சினால் அந்தப் பழக்கம் கெடும். வேட்டை நாளில் கட்டுக்கடங்காத நாய் ஒன்று முன்னே ஓடினால் போதும், அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பி அந்தச் சுற்றே முடிந்துவிடும்.

துப்பாக்கி விஷயத்தில் கறாராக இருங்கள். சான்றிதழ் இல்லாமல் அது உங்கள் பொறுப்பில் இருந்தால் குற்றம். பருந்துக்கு விஷம் வைக்கச் சொன்னால், யார் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். 1981 வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி நீங்களும் மாட்டுவீர்கள்.

வேட்டை முடிந்து ஆளுக்கு ஒரு ஜோடிப் பறவை கொடுப்பார்கள். நான் வந்த புதிதில் நம்மவர்கள் முகத்தைச் சுளித்து மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் வாங்கிக்கொள்வேன். காலில் நரம்பு கெட்டி, அதைக் குழம்பில் நெடுநேரம் விடணும். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறளும், தனியாக மிளகு போட்டு வறுங்கள். உள்ளே ஈயக்குண்டு இருக்கலாம், விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.