பன்னிரண்டு விநாடி நெருப்பும் ஒரு சோபாவும் – கடிதம்

அன்புள்ள சார்,

கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். 2016-ல் இங்கே வந்த புதிதில், தெருவோரம் ‘ஃப்ரீ’ என்று அட்டை ஒட்டி வைத்திருந்த ஒரு சோபாவை நண்பர்களோடு தூக்கி வந்தோம். இன்றும் அதுதான் எங்கள் ஹாலில் கிடக்கிறது. ஒன்றரை வயது மகள் அதன் மேல்தான் ஏறிக் குதிக்கிறாள். இந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வீசிங். வீட்டுத் தூசியில் இருக்கும் தீத்தடுப்பு வேதிப்பொருட்கள் நுரையீரல் செல்களைக் கொல்கின்றன என்று ஒரு செய்தி படித்தேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. ஊரில் அம்மாவிடம் சொன்னால், “தூசி இல்லாத வீடு எங்கடா இருக்கு” என்று சிரிக்கிறார். செய்தி உண்மையா? சோபாவைத் தூக்கி எறிந்துவிடட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

வீசிங்குக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். அந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் வைரஸ் சளிதான் காரணம். சோபாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு மருந்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

செய்தி பொய்யில்லை. ஆனால் செத்தது யாருடைய செல் என்று பார்க்க வேண்டும். இந்த வகைச் சோதனைகளில் அடிக்கடி வருவது ஏ549 என்ற செல்வகை. 1972-ல், 58 வயதான ஒருவரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தது. அரை நூற்றாண்டாக உலகெங்கும் ஆய்வகத் தட்டுகளில் பெருகிக்கொண்டே இருக்கிறது. (அந்த மனிதர் தன் உடலின் ஒரு துண்டு இத்தனை காலம் வாழும் என்று நினைத்திருப்பாரா!) அந்தச் செல்களின் மேல் வேதிப்பொருளைக் கரைத்து ஊற்றுகிறார்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைச் சிதைக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளின் பெருக்கம்) கூடுகிறது, அழற்சியைக் கிளப்பும் புரதங்கள் சுரக்கின்றன, அளவு மிஞ்சினால் செல் சாகிறது. உங்கள் மகளின் மூச்சுக்குழாயில் சளிப்படலம் இருக்கிறது, அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் இருக்கின்றன, வந்ததை விழுங்கும் காவல் செல்கள் இருக்கின்றன. தட்டில் இவை எதுவும் கிடையாது. இந்தப் பொருளால் இப்படியும் கெடுக்க முடியும் என்பது வரைதான் தட்டு சொல்லும். எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அதற்குத் தெரியாது.

நான் கவலைப்படுவது மூச்சைப் பற்றி அல்ல, வாயைப் பற்றி. வீட்டுத் தூசியில் பெரும்பகுதி கனமானது. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும், பிறகு எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். நுரையீரலின் அடியாழம் வரை போவது மிக நுண்ணிய துகள்தான். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைத்தே நாளொன்றுக்குச் சில பத்து மில்லிகிராம் தூசியைத் தின்றுவிடுகிறது. 2007-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுப் பூனைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, புரோமின் ஏற்றிய பிபிடிஇ வகைத் தீத்தடுப்பான்கள் மனிதர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. பூனை நாளெல்லாம் தன் ரோமத்தை நக்குகிறது, ரோமத்தில் தூசி. உங்கள் மகளும் ஏறக்குறைய அந்தப் பூனைதான். இந்த வகைப் பொருட்களில் ஆய்வாளர்களை அதிகம் உறுத்துவதும் நுரையீரல் அல்ல. தைராய்டும் வளரும் மூளையும்தான்.

சோபாவுக்குள் இதை யார் வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருக்கும் ஊரின் கதை அது. 1975-ல் கலிபோர்னியா ‘டெக்னிக்கல் புல்லட்டின் 117’ (சுருக்கமாக டிபி 117) என்று ஒரு விதி போட்டது. சோபாவுக்குள் இருக்கும் ஃபோம், சிறு சுடரை 12 விநாடி தாங்க வேண்டும். தாங்க வைக்க, ஃபோமின் எடையில் 5 விழுக்காடு வரைகூட வேதிப்பொருள் சேர்த்தார்கள். கலிபோர்னியா பெரிய சந்தை, அதனால் நாடு முழுக்க அதே சோபாதான். சேர்த்தது ஃபோமோடு பிணைவதில்லை, சும்மா கலந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறித் தூசியில் ஒட்டிக்கொள்கிறது.

சோபாத் தீக்குப் பெருங்காரணம் அணையாத சிகரெட். தானாக அணையும் சிகரெட் செய்யச் சொன்னபோது புகையிலை நிறுவனங்கள் மறுத்து, மேசை நாற்காலியைத் தீப்பிடிக்காமல் செய்யுங்கள் என்று பேச்சைத் திருப்பிவிட்டன. 2012-ல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் இதைத் தொடராக எழுதிய பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. 1977-ல் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், குழந்தைகளின் இரவு உடையில் இருந்த ‘ட்ரிஸ்’ என்ற தீத்தடுப்பான் மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று எழுதினார்கள். அதே ஆண்டு அதற்குத் தடை. பதிலாக வந்தது அதன் தம்பி, குளோரின் ஏற்றிய ட்ரிஸ். அதுவும் அப்படியே என்று தெரிந்ததும் இரவு உடையிலிருந்து போனது. எங்கே போனது? 2004 வாக்கில் பென்டா வகை பிபிடிஇயைக் கைவிட்டபோது, சோபாவில் அதன் இடத்துக்கு வந்தவற்றில் இதுவும் ஒன்று. பழைய குருடி கதவைத் திறடி!

இனி உங்கள் சோபா. குஷனைத் தூக்கி அடியில் லேபிள் பாருங்கள். வெறும் ‘டிபி 117’ என்று இருந்தால் பழைய சரக்கு, பெரும்பாலும் உள்ளே அந்த வேதிப்பொருள் இருக்கும். ‘டிபி 117-2013’ என்றால் புது விதி. அதில் சுடரைக் காட்டும் சோதனை இல்லை, கனலும் சிகரெட்டை வைத்துப் பார்க்கும் சோதனைதான்; வேதிப்பொருள் இல்லாமலே தேறலாம். 2015 முதல் விற்றவற்றில் ‘சேர்த்தது’, ‘சேர்க்கவில்லை’ என்று லேபிளிலேயே குறித்திருப்பார்கள். 2016-ல் தெருவில் கிடந்தது என்கிறீர்கள், ஆகவே எனக்கு நம்பிக்கையில்லை. உறை கிழிந்து ஃபோம் பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் வைத்துக்கொள்ளாதீர்கள். உறை நன்றாக இருந்தால் அவசரமில்லை, வசதிப்படும்போது மாற்றுங்கள். அதுவரை சாப்பாட்டுக்கு முன் மகளின் கையைக் கழுவுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பம் தூசியை எழுப்பி மறுபடி உட்கார வைக்கும்.

எறிவதென்றால் நகராட்சிக்குச் சொல்லி எடுத்துப்போகச் செய்யுங்கள். தெருவோரம் வைத்தால், உங்களைப் போல வந்திறங்கிய ஒரு பையன் மாலைக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

அன்புடன்.