கண் எரிகிறது என்று கேட்ட தோஹா தம்பிக்கு

தம்பி, மன்னார்குடிப் பக்கம் கோட்டூர் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தோஹா வந்து மூன்று மாதம், பகல் முழுக்க ஏசி ஆபீஸில் கம்ப்யூட்டர், மாலையானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், சிவப்பு. ரூமில் ஒருவர் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் கண் வெளுத்துவிடுகிறது, அதையே வாங்கலாமா, இல்லை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரூம் மாறுவது, பணம் அனுப்புவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ரூம்காரர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார், ஆனாலும் ஒருவர் கண்ணுக்குப் போட்ட பாட்டில் இன்னொருவர் கண்ணுக்கு ஆகாது. அப்புறம், இப்படிச் சட்டென்று வெளுக்க வைக்கிற மருந்துகளில் பெரும்பாலும் நாஃபசோலின் அல்லது டெட்ராஹைட்ரோசோலின் இருக்கும். அட்டைப் பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருப்பான், பாருங்கள். கண்ணில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் அதன் வேலை. சிவப்பு மறையும், வறட்சி அப்படியே இருக்கும். தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும், மறுபடி போடத் தோன்றும். நான் அதை நான்கு மாதம் போட்டவன்.

2003ல் நான் தோஹா வந்தேன். அந்த வருஷம் ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை, அதற்கு முந்தின வருஷமும் இல்லை. குறுவையே போய்விட்டது. அப்பா இரண்டு மா நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டினார். ஸ்டோர் கீப்பர் வேலை என்று சொல்லித்தான் அனுப்பினான், வந்து பார்த்தால் வெயிலில் நின்று கம்பி எண்ணிக் கொடுக்கிற வேலை. இப்போது உங்களுக்கு இருக்கிற கோடைக்கால மதிய வேலைத் தடையெல்லாம் அப்போது கிடையாது. ஷமால் என்கிற புழுதிக் காற்று அடிக்கும்போது மாவு மாதிரி மண் இமைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி ரூமுக்கு வந்தால் எட்டுப் பேர், மேல் கட்டில் எனக்கு, ஏசி சரியாக என் முகத்துக்கு நேரே. காலையில் இமை ஒட்டிக்கொண்டு பிரியாது, எச்சில் தொட்டுப் பிரித்திருக்கிறேன்.

அப்படித்தான் ரூமில் ஒருவர் பாட்டிலை நீட்டினார், நானும் போட்டேன். போர்மன் முன்னால் சிவந்த கண்ணோடு நின்றால் குடித்திருக்கிறான் என்று நினைப்பாரோ என்ற பயம் வேறு. 2005ல் லீவில் ஊருக்கு வந்தபோது மெடிக்கலில் "கண் சிவப்பு, எரிச்சல்" என்று சொன்னேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் எட்டு பாட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். அதில் இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு, கூடவே ஒரு ஆண்டிபயாடிக். ஒரு வருஷம் அவ்வப்போது போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிய ஆரம்பித்தது, இடப்பக்கம் வைத்த டீ டம்ளரை ஒரே வாரத்தில் மூன்று தடவை தட்டிவிட்டேன். கூத்தாநல்லூர் பாய் ஒருவர் எங்களோடு இருந்தார், முப்பது வருஷ சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர். அவர்தான் மூன்றாவது டம்ளர் உடைந்த அன்று, "இது கைப் பிசகு இல்லடா, உனக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லி, அன்றைய வேலையை விட்டுவிட்டு என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். சாதாரணமாக 10லிருந்து 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் எனக்கு இடது கண்ணில் 36 இருந்தது. ஸ்டீராய்டு ஏற்றிவிட்ட அந்த அழுத்தத்தில் கண் நரம்பு கொஞ்சம் செத்துப்போயிருந்தது. அந்த ஓரப் பார்வை இன்றுவரை திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். இருப்பதைக் காப்பாற்ற தினமும் ராத்திரி ஒரு சொட்டு மருந்து போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

அதனால்தான் ஊரிலிருந்து கொடுத்துவிடச் சொல்வதற்கு முன் யோசியுங்கள் என்கிறேன். நான் இப்போது லீவில் ஊரில்தான் இருக்கிறேன். நேற்று கடைத்தெருவில் என் கண் முன்னாலேயே ஒரு பையன் கண் சிவப்பு என்று சொல்லி மருந்து வாங்கினான். அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன், அதே டெக்ஸாமெத்தசோன். இருபது வருஷத்தில் ஒன்றும் மாறவில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் எழுதிக்கொடுப்பார், அழுத்தம் பார்த்துக்கொண்டே குறைப்பார். நாமாக வாங்கிப் போடக் கூடாது. பெயரில் டெக்ஸா, பீட்டா, பிரெட் என்று எது வந்தாலும் கீழே வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? செயற்கைக் கண்ணீர் என்று கேளுங்கள், தோஹாவில் எந்த ஃபார்மசியிலும் கிடைக்கும். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், அல்லது சோடியம் ஹயலுரோனேட், அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் இருக்கிற எதுவும் சரிதான். ரெஃப்ரெஷ், சிஸ்டேன் என்று பல பெயரில் வரும். ஒரே பெயரில் சிவப்பு எடுக்கிற வகையும் சில கம்பெனிகளில் இருக்கும், அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போட வேண்டியிருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து (பிரிசர்வேடிவ்) இல்லாத சின்னச் சின்னக் குப்பியாக வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்கிற அந்தச் சேர்மானமே அதிகம் பட்டால் கண்ணை உறுத்தும். குப்பியை உடைத்தால் மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள், விலை கூடத்தான், இருந்தாலும் வைக்காதீர்கள். 2022, 2023ல் அமெரிக்காவில் சூடோமோனாஸ் கிருமி பரவிச் சிலருக்குப் பார்வை போனது, சிலர் இறந்தேபோனார்கள். பிரிசர்வேடிவ் இல்லாமல் பெரிய பாட்டிலில் வந்த ஒரு செயற்கைக் கண்ணீரோடுதான் அதைத் தொடர்புபடுத்தினார்கள், மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். நம் சென்னைக்குப் பக்கத்தில் தயாரானது அது. பாட்டில் மருந்தானால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள், ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போடுங்கள்.

போடுகிற விதம்: கையைக் கழுவுங்கள், கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி ஒரே ஒரு சொட்டு. மூக்கு நுனி கண்ணில் படக் கூடாது, பாட்டில் மூக்கைச் சொல்கிறேன். அப்புறம் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். லென்ஸ் போடுகிறவரானால் கழற்றிவிட்டுப் போடுங்கள். கோடாலித் தைலம் தொட்ட கையோடு கண் பக்கம் போகாதீர்கள், நம் ஆட்கள் தலைவலி என்றால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

மருந்தைவிட எனக்குப் பலன் கொடுத்தது ஒரு காலண்டர் அட்டை. தினத்தாள் எல்லாம் கிழித்து முடிந்த வெற்று அட்டை, மேலே மன்னார்குடி ராஜகோபால சுவாமி படம். அதை இரண்டு நூலால் ஏசியின் கீழே சாய்த்துக் கட்டினேன், காற்று கூரைப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரே வாரத்தில் காலையில் இமை ஒட்டுவது நின்றது. ரூம் ரூமாக மாறியும் அந்த அட்டையை விடவில்லை, இப்போது தோஹாவில் என் பிள்ளைகள் தூங்குகிற அறையிலும் கட்டியிருக்கிறேன். உங்கள் ஆபீஸில் சீட்டுக்கு நேரே காற்று வந்தால் கூச்சப்படாமல் இடம் மாற்றக் கேளுங்கள். ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் இமைக்கவே மறந்துவிடுகிறோம், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தில் எதையாவது பார்த்து நன்றாக மூடித் திறங்கள்.

வலி இருந்தால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், பார்வை மங்கினால், சீழ் வந்தால், ஒரு கண் மட்டும் சிவந்திருந்தால் சொட்டு மருந்தோடு நிற்காதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். டாக்டருக்குக் காசு போகும் என்று பயந்து, அதே மாதம் புது போன் வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். லீவில் வரும்போது திருச்சி ஜோசப் கண் ஆஸ்பத்திரியிலும் காட்டலாம், 1934லிருந்து இருக்கிறது, நம் பக்கத்து ஜனங்கள் கண் என்றால் அங்கேதான் போவார்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா என்னைத் திருவாரூருக்குக் கூட்டிப்போனார்கள். சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொரு கண்ணும் கிடைத்த கதையைப் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அப்புறம் வலங்கைமான் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போட்டார்கள். ராத்திரி திண்ணையில் படுக்க வைத்து, வேலியோரம் பறித்த நந்தியாவட்டைப் பூவை இரண்டு கண்ணின் மேலும் வைத்தார்கள். மூடிய இமைக்கு மேல்தான், சாறு பிழிந்து உள்ளே விடுவதெல்லாம் வேண்டாம் தம்பி, கிருமி போகும். பூ ஜில்லென்று இருந்தது. பாமணி ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. அறுப்புத் தூசி பறக்கிற நாளில்கூட இங்கே என் கண் எரிந்ததில்லை, அது அந்த ஈரத்தால்தான் என்பது தோஹா போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உங்கள் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ எடுத்துப் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். மணி ஒன்பதாகிறது, என் சொட்டைப் போட்டுவிட்டு வருகிறேன்.