பகலில் ஒரு தூக்கம், இரவில் ஒரு தூக்கம்

நான் காட்பாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். இரவுப் பணியிலேயே பாதி ஆயுள் போனது. இப்போது 9 ஆண்டுகளாக இரவு ஆறரை மணி நேரம், மதியம் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று இரண்டு தவணையாகத் தூங்குகிறேன். இந்த முறைக்கு மாற நினைப்பவர்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காய்கறி வியாபாரி, வேலூர்: அக்கா, மார்க்கெட்டில் லோடு இறங்கும்போது நிற்க வேண்டும், விடியற்காலை 2 மணிக்கே எழுகிறேன். மதியம் சாப்பிட்டுப் படுத்தால் 3 மணி நேரம் போய்விடுகிறது. எழுந்தால் தலை பாரம். ராத்திரி 11 வரை தூக்கமே வருவதில்லை.

தம்பி, சிக்கல் அந்த 3 மணி நேரத்தில்தான். தூக்கம் மேலோட்டமாகத் தொடங்கி, ஆழத்துக்குப் போய், மறுபடி மேலே வர சுமார் 90 நிமிடம் ஆகும். ஆழத்தில் இருக்கும்போது எழுந்தால்தான் தலை கனக்கும். ஒன்று, 20 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். இல்லை, ஒரு சுற்று முழுதாக முடிய வேண்டும். உங்களுக்கு இரவில் குறைவு, அதனால் முழுச் சுற்றே சரி. 12:30க்குப் படுத்து 2 மணிக்கு அலாரம் வையுங்கள். இரவு 8:30க்கு விளக்கை அணைத்தால் ஐந்தரை மணி நேரம் கிடைக்கும். இரண்டும் சேர்த்து 7. பெரியவர்களுக்கு அதற்குக் குறையக் கூடாது. முதல் இரண்டு வாரம் உடம்பு முரண்டு பிடிக்கும். லீவு நாளிலும் நேரத்தை மாற்றாதீர்கள்.

கல்லூரி மாணவர், காட்பாடி: நாளுக்கு ஆறு முறை 20 நிமிடம் தூங்கினால் போதும் என்கிறார்களே?

வேண்டாம் கண்ணா. படித்தது மனதில் பதிவதே நல்ல தூக்கத்தில்தான். பரீட்சை நேரத்தில் அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

இல்லத்தரசி, குடியாத்தம்: கத்திரி வெயிலில் வீடே அனல். படுத்தாலும் கண் மூடவில்லை.

நம் ஊர் தளவீட்டில் மேலே இருந்துதான் சூடு இறங்கும். கட்டிலை விட்டுவிட்டு, கீழ்வீட்டில் தரையைத் துடைத்து ஈரம் காய்ந்ததும் கோரைப்பாய் விரியுங்கள். ஜன்னலில் நனைத்த துணி. நான் செல்போனை அடுக்களையில் வைத்துவிட்டுத்தான் படுப்பேன். தூக்கம் வராவிட்டாலும் 20 நிமிடம் கண்மூடிப் படுத்திருங்கள், அதுவும் ஓய்வுதான். தினமும் அதே நேரத்தில் படுத்தால் சில நாளில் கண் தானாகச் சொக்கும்.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: ரம்ஜானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து படுக்கவே 11 ஆகிறது, 4 மணிக்கு சஹர் சாப்பாடு, நோன்பு தொடங்கும் முன்.

லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பின் கைலூலா என்று குட்டித் தூக்கம் போடும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே. அந்த மாதம் அதை 90 நிமிடமாக்குங்கள் பாய்.

பெரியவர், ஆற்காடு: நடுஇரவில் முழிப்பு வந்து ஒரு மணி நேரம் போகிறது. வியாதியா அம்மா?

பகலில் அசதி இல்லையென்றால் பயப்பட வேண்டாம் ஐயா. 1990களின் தொடக்கத்தில் தாமஸ் வேர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிலரை தினமும் 14 மணி நேரம் இருட்டில் இருக்க வைத்தார். சில வாரத்தில் அவர்கள் தூக்கம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது, நடுவில் அமைதியான விழிப்போடு. மங்கிய வெளிச்சத்தில் சும்மா இருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். குறட்டையோடு மூச்சு முட்டி எழுந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஷூ கம்பெனி தொழிலாளி, ராணிப்பேட்டை: நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது கண் கட்டுகிறது.

இது எனக்கே நடந்தது தம்பி. ஒரு விடியலில் பாலாற்றுப் பாலத்தில் கண் சொக்கி, ஸ்கூட்டர் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து பணி முடிந்ததும் உடை மாற்றும் அறை பெஞ்சில் 20 நிமிடம் படுத்து, முகம் கழுவி, தலை தெளியக் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். இன்றைக்கே தொடங்குங்கள்.