ஞாயிறு காலை ஏழே முக்கால்

கேள்வி: எனக்கு வயது 43. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, திருமணத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்தவள். பரமண்டல ஜெபத்தின் ‘எங்கள் பிதாவே’ என்ற முதல் வரியை என்னால் மனதாரச் சொல்ல முடிவதில்லை. என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் குடித்ததில்லை, அடித்ததில்லை. ஆனால் ஒருநாளும் பாராட்டியதில்லை. குடும்ப ஜெபத்தில் 103ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்ல வைப்பார். ஒரு சொல் தவறினாலும் முதல் வசனத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ‘பிதாவே’ என்றதும் அந்த முகம்தான் கண்முன் வருகிறது. இயேசுவிடம் பேசுவது எளிதாக இருக்கிறது. பிதா என்றால் பயமாக இருக்கிறது. ‘பரிசுத்தத்தை நினைத்துப் பயப்படாதீர்கள், அப்பா மடியில் ஏறி உட்காருங்கள்’ என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் தனியாக இருக்கும் அப்பா, ஞாயிறுதோறும் காலை ஏழே முக்காலுக்கு, ‘கோயிலுக்குப் புறப்பட்டாச்சா?’ என்று கேட்கத் தொலைபேசியில் அழைப்பார். ஆராதனைக்கு முன் மனம் கலங்கக் கூடாது என்பதால் நான் எடுப்பதில்லை. தேவனைத் தகப்பனாக அணுக எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி, ‘பிதாவே என்று அழைக்க நா எழவில்லை’ என்ற கடிதம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. உங்கள் தகப்பன் வேறு, பரமபிதா வேறு என்று ஆறுதல் சொல்லி, தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்ற 27ஆம் சங்கீத வசனத்தை எழுதி முடித்துவிடலாம். அந்த வசனத்தை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்களை யாரும் கைவிடவில்லை. உங்கள் தகப்பன் குடித்துவிட்டு அடித்தவராகவோ, பெண்பிள்ளையிடம் முறைதவறி நடந்தவராகவோ இருந்திருந்தால் என் பதில் முற்றிலும் வேறாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட தகப்பனுக்கு அஞ்சி ஒதுங்கி வாழும் பெண்களிடம், ஒதுங்கியே இருங்கள் என்றுதான் நான் சொல்லிவருகிறேன். நீங்களோ அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்று நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுடைய பாலியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஏழே முக்கால் மணியைப் பற்றிப் பேசுவோம்.

‘நான் எடுப்பதில்லை.’ பால்காரருக்கு நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோல எழுதிவிட்டீர்கள். அம்மா போன நாளிலிருந்து கணக்கிட்டால் இருநூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்குமேல் ஆகின்றன. அத்தனை காலைகளிலும் ஒரு கிழவர் தனியாக எழுந்து, குளித்து, வேட்டி கட்டி, மகளின் எண்ணை அழுத்தி, மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருந்து, பிறகு கீழே வைத்திருக்கிறார். மறுவாரமும் அழைத்திருக்கிறார். நீங்கள் அந்த மணி ஓய்ந்தபின் ஆலயத்துக்குப் போய், சபையோடு எழுந்து நின்று, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற இடத்தில் நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று வியக்கிறீர்கள். எனக்கு அதில் வியப்பில்லை.

எடுக்காததற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது. வேலை இருந்தது என்றோ, பிடிக்கவில்லை என்றோ எழுதியிருந்தால் அதை மனித பலவீனம் என்று விட்டிருப்பேன். ஆராதனையைக் காரணம் காட்டுகிறீர்கள். இதற்கு வேதத்தில் ஒரு பெயரே உண்டு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்கென்று நேர்ந்துவிட்டேன், ஆகவே உங்களுக்குத் தருவதற்கில்லை என்று சொல்லிக் கையை விரித்தவர்களைப் பற்றி மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுகிறார். அவர்கள் அந்தக் காணிக்கையைக் ‘கொர்பான்’ என்று அழைத்தார்கள். அவர்கள் கொடுத்தது பணமோ பொருளோ. நீங்கள் கொடுப்பது இரண்டு நிமிட மன அமைதி. தேவபக்தியைக் கொண்டு தகப்பனிடமிருந்து தப்பிக்கிற அந்த வழக்கத்தை அவர் கண்டித்த கடுமையைப் படித்துப் பாருங்கள். அப்படிக் கண்டிக்கிறவர் நீங்கள் ‘பேச எளிதாக இருக்கிறது’ என்று சொல்லும் அதே இயேசுதான்.

‘கோயிலுக்குப் புறப்பட்டாச்சா?’ என்ற கேள்வி உங்கள் காதில் வருகைப் பதிவேடாக விழுகிறது. நெல்லைச் சீமையின் பழைய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நன்றாயிருக்கிறாயா, உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றெல்லாம் சொல்ல அவர்களுக்கு வாய் வராது; ‘சாப்பிட்டாச்சா’ என்பார்கள், ‘மழை பெய்ததா’ என்பார்கள். உங்கள் அப்பாவிடம் இருப்பது இந்த ஒரு கேள்விதான்.

இப்படிச் சொல்வதால் அவரை நான் நல்லவராக்கிக் காட்டுவதாக எண்ண வேண்டாம். அவர் உங்களுக்குச் செய்தது பெரிய தவறு. அதிலும் 103ஆம் சங்கீதத்தைக் கொண்டு செய்தது மிகப் பெரிய தவறு. ‘தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்’ என்ற வரி இருக்கிற பாட்டை, தட்டுத்தடுமாறும் ஒரு சிறுமியை நிறுத்தி நிறுத்தித் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் பரீட்சையாக்கிய மனிதர், பதின்மூன்றாம் வசனத்தை எத்தனை முறை காதால் கேட்டும் கேளாமல் இருந்திருக்கிறார்! ஆனால் அடுத்த வசனத்தை நீங்களும் கேட்டதாகத் தெரியவில்லை. ‘நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்’ என்று அது முடிகிறது. நாம் என்றால் பாயில் முழங்காலிட்டிருந்த சிறுமி மட்டுமல்ல, எதிரே கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரும் மண்தான்.

அவரிடமிருந்து நீங்கள் தவறாகக் கற்ற பாடம் ஒன்று உண்டு: பரிசுத்தம் என்றால் பிழை கண்டுபிடிக்கும் கூர்மை என்பது. அதனால்தான் பரிசுத்தமான பிதா என்றவுடன் கையில் சிவப்பு மையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஓசியா 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எகிப்திலிருந்து அழைத்து வந்த இஸ்ரவேல் என்ற பிள்ளையை, கைபிடித்து நடக்கப் பழக்கிய பிள்ளையை, அது முகம் திருப்பிக்கொண்டு போனதை ஒரு தகப்பனாகத் தேவன் அங்கே சொல்லிச் சொல்லி வருந்துகிறார். கோபம் மூள்கிறது, ஆனால் அந்தக் கோபத்தின்படி செய்யமாட்டேன் என்கிறார். ஏன் செய்யமாட்டார்? ஒன்பதாம் வசனம் காரணத்தைச் சொல்கிறது: நான் மனுஷனல்ல, தேவன், உன் நடுவிலுள்ள பரிசுத்தர். பரிசுத்தர் என்பதால் தண்டிப்பேன் என்று வரும் என்றே நாம் எதிர்பார்ப்போம். பரிசுத்தர் என்பதால் அழிக்கமாட்டேன் என்று வருகிறது. மனிதத் தகப்பனின் அன்பில் அவனுடைய அகந்தை கலந்திருக்கும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கவலை கலந்திருக்கும், தன் தோல்வியைப் பிள்ளையைக் கொண்டு சரிக்கட்டும் ஆசை கலந்திருக்கும். அந்தக் கலப்படம் ஒன்றும் இல்லாத அன்புக்குத்தான் பரிசுத்தம் என்று பெயர். சிலுவைக்கு முந்திய இரவில் ஆண்டவர் செய்த ஜெபத்தில், யோவான் 17:11இல், ‘பரிசுத்த பிதாவே’ என்ற அழைப்பு வருகிறது. அப்படி அழைத்து அவர் கேட்டது, தம்முடைய சீஷர்களைக் காத்துக்கொள்ளும் என்பதையே. இயேசுவை அன்புக்கும் பிதாவைக் கண்டிப்புக்கும் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்று இயேசு தம் சீஷன் பிலிப்புவுக்குச் சொன்ன பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் ஜெபக்குழுவினரையும் நான் விடுவதற்கில்லை. மடியில் ஏறி உட்காருங்கள் என்று நாற்பத்துமூன்று வயதுப் பெண்ணிடம் சொல்வது எனக்குப் புரிவதில்லை. ‘அப்பா’ என்ற அரமேயச் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. நம் ‘அப்பா’வோடு ஒலி ஒத்திருப்பது நமக்கு ஓர் இனிமை, அவ்வளவே. அதைக் கைக்குழந்தைகள் மட்டுமல்ல, வளர்ந்த பிள்ளைகளும் வீட்டில் தகப்பனை அழைக்கப் பயன்படுத்தினார்கள். அந்த மூன்றில் முதலாவது இடம், சிலுவைக்கு முந்திய இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டம். அங்கே ‘அப்பா, பிதாவே’ என்று அழைத்த அதே மூச்சில், என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் என்றும் சொல்லப்படுகிறது. மடியைத் தேடுகிறவரின் ஜெபமா அது? பரிசுத்தத்தைக் கழித்துவிட்டு அன்பை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தத் தகப்பனிடம் உங்கள் சித்தத்தை ஒப்படைக்க எந்தக் காரணமும் இருக்காது.

நம் தமிழ் ஜெபத்தின் இலக்கணத்தையே கொஞ்சம் கவனியுங்கள். பக்திப் பாடல்களின் ‘நீ’யையும் எடுக்காமல், பெரியவர்களிடம் பேசும் ‘நீங்கள்’ என்பதையும் எடுக்காமல், தாரும், மன்னியும், இரட்சித்துக்கொள்ளும் என்று ‘நீர்’ என்ற நடுச் சொல்லால் தேவனோடு பேசுகிறோம். உங்கள் ஊரில் பழைய ஆட்கள் இன்னும் ‘வாரும், இரும்’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலும் அது வழக்கில் இருக்கிறது. பக்கத்தில் உட்காரலாம், ஆனால் தோளில் கைபோட முடியாது என்பது அந்தச் சொல்லின் அளவு. உங்களுக்கு வேண்டியதும் அந்த அளவுதான்.

தகப்பனோடு பிணக்கும் ஜெபத்தில் நடுக்கமும் ஒன்றாக இருந்த இன்னொருவரைச் சொல்கிறேன். ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், சட்டம் படிக்க வைத்த தகப்பனின் விருப்பத்துக்கு விரோதமாக 1505இல் மடத்தில் சேர்ந்தார். 1507இல் முதல் திருப்பலியை நடத்தியபோது, தேவனை நேராக அழைக்கும் சொற்களில் அச்சத்தால் நிலைகுலைந்ததாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அன்று விருந்தில் தகப்பன் ஹான்ஸ், தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்று நீ கேள்விப்பட்டதில்லையா என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1521இல், துறவற நேர்த்திகளைப் பற்றிய தம் நூலை லூத்தர் தகப்பனுக்கே உரிமையாக்கி, அந்தச் சொல் தம் உள்ளத்தில் தைத்ததை அதன் முன்னுரைக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஹான்ஸ் 1530இல் இறந்த செய்தி வந்ததும் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார். லூத்தர் கேள்வி பதிலாக எழுதி, நம் லுத்தரன் சபையார் படிக்கும் ஞானோபதேசத்தில் உள்ள ‘எங்கள் பிதாவே’ என்ற முகவுரையின் விளக்கம், அருமையான பிள்ளைகள் அருமையான தகப்பனிடம் கேட்பதுபோலக் கேட்கலாம் என்பது, 1529இல் வெளியான முதல் பதிப்பில் இல்லை, 1531இல்தான் சேர்க்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகளின் வரிசையை நான் மறப்பதும் இல்லை.

‘எங்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ‘என் பிதாவே’ என்று தனியாக ஜெபிக்க ஆண்டவர் நமக்குக் கற்பிக்கவில்லை. நீங்கள் சென்னையில் எழுந்து நிற்கும் அதே ஞாயிறு காலையில், ஊர்க் கோயிலில் உங்கள் அப்பாவும் எழுந்து நின்று, அதே சொற்களைச் சொல்கிறார். தலைமையாசிரியராக அல்ல, கடன்களை மன்னியும் என்று கெஞ்சும் பிள்ளையாகச் சொல்கிறார். இத்தனை ஆண்டுகளாக அவரைப் பரமண்டலத்தில் உட்கார வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த ஜெபத்தில் அவருக்கு உள்ள இடமோ உங்கள் பக்கத்துப் பெஞ்சு. அவரை அங்கிருந்து இறக்கிவிட்டால்தான் பிதாவின் முகம் உங்களுக்குத் தெரியும், இறக்குவதற்கு அவரோடு நீங்கள் பேசியாக வேண்டும். ஜெபம் முடிந்த கையோடு ஆண்டவர் திரும்பவும் எடுத்து விளக்கியது மன்னிப்பைப் பற்றிய வரியை மட்டும்தான் என்பதை மத்தேயு 6:14இல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் வருந்தி மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வயதில் அந்த ஆட்கள் கேட்பதில்லை. உங்கள் மனக்காயத்தை அவருக்கு விளக்கவும் வேண்டாம், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. வரும் ஞாயிறு பிள்ளைகளுக்குத் தலைவாரும் வேலையை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். மணி அடித்தால் எடுங்கள். ‘கோயிலுக்குப் புறப்பட்டாச்சா?’ என்பார், ‘புறப்பட்டாச்சு அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, வைப்பதற்கு முன் பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லலாமா என்று கேளுங்கள். நடுவில் ஒரு சொல் தவறினால் அவர் நிறுத்தி, முதலிலிருந்து சொல் என்பார். சொல்லுங்கள்.