மாட்டுக்குப் பந்து வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: கட்டியே வளர்க்கும் பசுக்கள் நாக்கை நீட்டிச் சுழற்றிக்கொண்டே நிற்கின்றன. சலிப்பு போகப் பந்து தொங்கவிடலாமா அண்ணா?

பதில்: பந்து இருக்கட்டும். மேய விட்டால் ஒரு நாளில் சுமார் 8 மணி நேரம் புல்லை நாக்கால் வளைத்துப் பிடுங்குகிற பிராணி அது, நீங்கள் வைக்கும் பிண்ணாக்கு, தவிடு மாதிரியான அடர்தீவனத்தைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டால் மீதிப் பொழுதுக்கு அந்த நாக்கு என்ன செய்யும்? வைக்கோல், புல் மாதிரி நீளமான நார்த்தீவனத்தை அதிகமாக்கி, பல வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தினமும் கொஞ்ச நேரமாவது அவிழ்த்து நடக்க விடுங்கள். பந்தெல்லாம் சில நாளில் அலுத்துவிடும்.

கேள்வி: முதுகு சொறியும் பிரஷ் ஆடம்பரம்தானே?

பதில்: இல்லவே இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எடை கட்டிய கதவைத் தள்ளினால்தான் பிரஷ் கிடைக்கும் என்று வைத்து, எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். புதுத் தீவனத்துக்காக எவ்வளவு முக்கித் தள்ளினவோ கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பிரஷ்ஷுக்கும் தள்ளின! மோட்டார் வைத்ததுதான் வேண்டும் என்றில்லை, கெட்டி நார் பிரஷ்ஷைத் தூணில் அறைந்தாலும் போய் உரசிக்கொள்ளும். தோல் நோய் உள்ள மாட்டை மட்டும் குணமாகும்வரை அண்ட விடாதீர்கள்.

கேள்வி: கன்றுகள் ஒன்றின் காதை மற்றொன்று சப்புகின்றன. பிரித்துக் கட்டட்டுமா?

பதில்: வேண்டாம். வாளியில் பால் ஊற்றினால் வயிறு நிறைகிறது, சப்புகிற ஆசை தீர்வதில்லை. நிப்பிள் வைத்துக் கொடுங்கள், பால் தீர்ந்த பிறகும் பத்து நிமிடம் அதை அப்படியே விடுங்கள். சேர்ந்து வளரும் கன்று தீவனம் கடிக்கவும் சீக்கிரம் பழகும்.

கேள்வி: வெள்ளாடுகளுக்கு மேடை போட்டேன், ஒரு கிடா ஏறி நின்றுகொண்டு மற்றதை விரட்டுகிறது.

பதில்: ஒரே மேடை, ஒரே வழி என்றால் அப்படித்தான். இரண்டு மூன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஏற ஒரு பக்கம், தப்பித்து இறங்க இன்னொரு பக்கம். அப்புறம் தழையைத் தரையில் கொட்டாமல், முன்னங்காலைத் தூக்கி எட்டிப் பிடிக்கிற உயரத்தில் கட்டுங்கள். நைலான் கயிறு கூடாது, கடித்து விழுங்கிவிடும்.

கேள்வி: செம்மறிக்கும் இதேதானா?

பதில்: அதற்கு மந்தைதான் எல்லாம். வைத்தியத்துக்காகப் பிரித்தால்கூடப் பழகிய ஆடு ஒன்றைக் கண்ணில் படும்படி நிறுத்துங்கள்.

கேள்வி: பாட்டு போட்டால் பால் கூடுமாமே?

பதில்: மெதுவாக வைத்தால் கெடுதல் இல்லை, பால் கூடும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். பசு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும், தரை ஈரமாகவோ வெறும் சிமென்ட்டாகவோ இருந்தால் படுக்கத் தயங்கி நின்றுகொண்டே இருக்கும். அந்தக் காசில் ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுங்கள்.