மனம் என்னும் கருவி

அன்புள்ள ஐயா,

என் தந்தை சென்ற தை மாதம் காலமானார். அல்சைமர் நோயால் கடைசி இரண்டு ஆண்டுகள், சோறூட்டும் என்னையே யாரென்று கேட்டார். ஆன்மா உண்டென்றால் அந்நாட்களில் அது எங்கே இருந்தது? மூளை மட்டும்தான் மனிதன் என்றால் வாழ்வுக்கு என்ன நோக்கம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மனம்தான் ஆன்மா என்று எடுத்துக்கொண்டு கேட்கிறீர்கள். சைவ சித்தாந்தம் அப்படிக் கொள்ளவில்லை. உடலும் உலகும் ஆன கூறுகளைத் தத்துவங்கள் என்று அது 36 ஆக எண்ணுகிறது. அவற்றில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். மாயை என்னும் மூலப்பொருளில் தோன்றி அதிலேயே ஒடுங்கும் அறிவற்ற சடப்பொருள்கள். கண் மங்குவதுபோல அவையும் மங்கும். கருவிகள் வந்து சேராதபோது ஆன்மா எதையும் அறியாமல் இருளில் கிடக்கும் என்பதையும் அம்மரபு மறைக்கவில்லை. அந்நிலைக்குக் கேவலம் என்று பெயரே இட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் தந்தையின் மறதி, ஆன்மா இல்லை என்பதற்குச் சான்றாகாது. உண்டு என்பதற்கும் ஆகாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேரும்போது எதிலுமே இல்லாத சிவப்பு பிறப்பதுபோல, உடலின் சேர்க்கையில் அறிவு பிறக்கிறது என்றார்கள், உடலுக்கு அப்பால் ஆன்மா இல்லை என்ற உலகாயதர்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் சித்தாந்த நூலின் பரபக்கம் என்ற பகுதியில் பிற சமயங்களை மறுக்கப் புகுந்தபோது முதலில் எடுத்துக்கொண்டது அவர்களைத்தான். அந்தத் தரப்பின் வலிமையை நான் இன்றும் உணர்கிறேன்.

என் தாயாருக்கும் இதே நோய் இருந்தது. என் பெயர் மறந்துபோன பிறகும் அவருடைய விரல்கள் புடவைத் தலைப்பை மடியில் விரித்து, இல்லாத காம்பைக் கிள்ளி, இல்லாத சுண்ணாம்பைத் தடவி மடித்து, என் பக்கம் நீட்டும். புதிய நினைவுகள் முதலில் அழியும், கை பழகிய செயல்கள் நெடுநாள் நிற்கும் என்று மருத்துவம் இதை விளக்குகிறது. அது சரியான விளக்கமே. ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் கையேந்தி வாங்கிக்கொண்டேன்.

ஆன்மா அறிவு பெறுவதற்காகவே உடலும் கருவிகளும் அருளால் தரப்பட்டன என்பது நோக்கம் பற்றிய உங்கள் கேள்விக்குச் சித்தாந்தம் தரும் விடை. நான் அதை நம்புகிறேன். நிறுவ என்னால் இயலாது. ஆனால் உங்களை மகனென்று அறியாத ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் நீங்கள் மகனாகவே இருந்திருக்கிறீர்கள். மனிதன் மூளை மட்டுமே என்று நாளை உறுதிப்பட்டாலும், அவர் வாயில் வைத்த ஒரு கவளம்கூட வீணென்று ஆகாது.

அவர் கைகள் கடைசிவரை எதையேனும் செய்துகொண்டிருந்தனவா? நினைவிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.